பொம்மை காரும் சரிவுப் பாதையும்: குழந்தை எதைக் கற்கிறது?

பொம்மை காரைக் கையில் பிடித்துத் தரையில் உருட்டுவது ஒரு விளையாட்டு. அதே காருக்கு ஒரு பாதை போட்டு, உச்சியில் வைத்து, கையை எடுத்துவிடுவது முற்றிலும் வேறு விளையாட்டு. முதலாவதில் கார் குழந்தை நினைத்தபடியெல்லாம் போகும். சுவரில் ஏறும், கட்டிலுக்கு மேலே பறக்கும், டைனோசருடன் சண்டை போடும். இரண்டாவதில் கையை எடுத்த நொடியிலிருந்து கார் தன் பாட்டுக்குப் போகும். வளைவில் தெறித்து விழுந்தால் விழுந்ததுதான். அழுதாலும் கெஞ்சினாலும் அது கேட்காது. பாதையை மாற்றிப் போட்டால்தான் வேறு மாதிரி ஓடும்.

கார்ப் பாதையில் குழந்தை கற்பது எல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். 'அறிவு வளர்க்கும் பொம்மை' என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். எந்த வயதில், எந்த அறிவு, எப்படி வளர்கிறது என்பதைப் பெட்டி சொல்வதில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில், எந்த மாதிரிப் பாதை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் 1968-ல் ஹாட் வீல்ஸ் கார்களைக் கொண்டுவந்தது. நிஜக் காரில் ஏறத்தாழ 64-ல் ஒரு பங்கு அளவு, உள்ளங்கையில் அடங்கும். கூடவே வந்த, வளைக்கக்கூடிய ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பாதைதான் இன்றும் பலருக்கு 'டிராக்' என்றதும் நினைவுக்கு வருவது. மரப் பாதைகள் உண்டு, பேட்டரி மோட்டாரால் காரைத் தள்ளிவிடும் செட்டுகள் உண்டு, அட்டைப் பெட்டியை வெட்டி வீட்டில் செய்யும் பாதையும் உண்டு. கற்றல் என்று பார்த்தால் மோட்டார் இல்லாத, சரிவில் தானாக ஓடும் பாதைதான் சிறந்தது. மோட்டார் தள்ளினால் கார் ஏன் ஓடுகிறது என்ற கேள்வியே எழாது. சரிவில் ஓடினால் அந்தக் கேள்விக்கான பதில் குழந்தையின் கண்முன்னே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிவது வேறு, கைக்குத் தெரிவது வேறு

குழந்தைகள் உலகத்தை எப்போது புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள், பொம்மை காரையும் சரிவையும் தங்கள் கருவியாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது உளவியலாளர் ரெனே பயார்ஜான் 1986-ல் வெளியிட்ட ஆய்வு.

ஆறு மாதமும் எட்டு மாதமும் ஆன குழந்தைகளை அதில் உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு சரிவும் பாதையும். பாதையின் நடுப்பகுதியை ஒரு திரை மறைக்கும். கார் சரிவில் இறங்கி, திரைக்குப் பின்னால் புகுந்து, மறுபக்கம் வெளியே வரும். பிறகு திரையைத் தூக்கிக் காட்டினார்கள்: ஒரு முறை, பாதைக்கு அப்பால் ஒரு பெட்டி இருந்தது, இன்னொரு முறை, அதே பெட்டி பாதையின் மேலேயே இருந்தது. மறுபடி திரையை இறக்கி, காரை விட்டார்கள். இரண்டு முறையும் கார் மறுபக்கம் வந்தது. (பாதையின் மேல் பெட்டி இருந்தபோது அது எப்படி வந்தது என்றால், ஆய்வாளர்கள் பெட்டியை ரகசியமாக எடுத்துவிட்டார்கள்.) பெட்டி பாதையின் மேல் இருந்த தடவையைத்தான் குழந்தைகள் திகைத்ததுபோல் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதாவது, மறைந்த பெட்டி அங்கேயே இருக்கிறது, கெட்டியான பொருளுக்குள் கார் புகுந்து வர முடியாது என்ற ஏதோ ஒரு எதிர்பார்ப்பு பேசத் தெரியாத அந்த வயதிலேயே இருக்கிறது.

சரி, ஆறு மாதத்தில் தெரிந்தது இரண்டு வயதில் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா? இங்கேதான் வியப்பு. 2000-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நீல் பெர்த்தியர் குழுவினர் கிட்டத்தட்ட இதே அமைப்பை வைத்து இன்னொரு ஆய்வு செய்தார்கள். இப்போது காருக்குப் பதில் பந்து. திரையில் நான்கு சிறு கதவுகள். பாதையின் குறுக்கே ஒரு தடுப்பை நிறுத்தினார்கள். அதன் மேல் முனை திரைக்கு மேலே நீட்டிக்கொண்டு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பந்து உருண்டு போய்த் தடுப்பில் நிற்கும். எந்தக் கதவைத் திறந்தால் பந்து கிடைக்கும்? தடுப்பை ஒட்டிய கதவை என்று நமக்கு உடனே தெரியும். இரண்டு வயதுக் குழந்தைகளால் சொல்ல முடியவில்லை. இரண்டரை வயதிலும் பெரும்பாலோர் தடுமாறினார்கள். மூன்று வயதை ஒட்டித்தான் சரியான கதவுக்குக் கை போனது.

ஆறு மாதக் கண்ணுக்குத் தெரிந்த ஒன்று இரண்டு வயதுக் கைக்குத் தெரியவில்லை! நடந்து முடிந்த ஒன்றைப் பார்த்து 'இது சரியில்லையே' என்று திகைப்பது ஒரு திறன். நடக்கப்போவதை முன்கூட்டியே யோசித்து, அதற்கேற்பக் கையை நீட்டுவது இன்னொரு திறன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தைத்தான் குழந்தை விளையாடி விளையாடிக் கடக்கிறது. ஒரே காரை ஒரே சரிவில் முப்பது தடவை விட்டுக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்து 'சலிக்கவே இல்லையா இவனுக்கு' என்று கேட்கிறோம். காரைப் பார்க்காமல் அவன் கண்ணைப் பாருங்கள். முதல் சில தடவைகள் கண் காரின் பின்னாலேயே ஓடும். கொஞ்ச நேரத்தில் கார் வந்து சேரும் இடத்துக்குக் கண் முன்னாடியே போய்க் காத்திருக்கும். கற்றல் நடப்பது அங்கேதான்.

இதை வீட்டில் செய்து பார்க்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியின் இரு முனைகளையும் வெட்டினால் குகை தயார். கார் உள்ளே போய் மறுபக்கம் வரட்டும். அப்புறம் உள்ளே ஒரு சின்னப் புத்தகத்தைக் குறுக்கே வைத்துவிட்டு, 'கார் எங்கே?' என்று கேளுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை வெளி வாசலிலேயே காத்திருக்கலாம். மூன்று வயதுக் குழந்தை பெட்டியைத் தூக்கிப் பார்க்கும்.

உயரம் கூடினால் என்ன ஆகும்?

மூன்று வயதுக்கு மேல் குழந்தை காரை விடுவதோடு நிற்காது. பாதையையே மாற்றத் தொடங்கும். முதலில் மாற்றுவது உயரத்தைத்தான். ஒரு புத்தகத்தின் மேல் வைத்த பாதையை நாற்காலிக்கு ஏற்றும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு.

உயரம் கூடினால் வேகம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடும் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கும் கார் தரைக்கு வரும்போது வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் இருக்கும். அதை 4 மீட்டர் ஆக்க வேண்டுமானால் உயரத்தை இரட்டிப்பாக்கினால் போதாது, 80 செ.மீ.க்கு ஏற்ற வேண்டும். நான்கு மடங்கு உயரத்துக்கு இரண்டு மடங்கு வேகம். பள்ளிப் பாடத்தில் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று பின்னால் வரப்போவது இதுதான்.

ஆனால் குழந்தையால் வேகத்தை அளக்க முடியாது. தரையில் கார் ஓடி நிற்கும் தூரத்தை அளக்க முடியும், அதுவும் டைல்ஸ் தரை என்றால் அளவுகோலே வேண்டாம். எத்தனை கல் தாண்டியது என்று எண்ணினால் போதும். உராய்வு ஒரே மாதிரி இருந்தால், ஓடும் தூரம் ஏறத்தாழ உயரத்தின் அளவுக்கே கூடும். உயரம் இரட்டிப்பானால் தூரமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஐந்து வயதுக் குழந்தைக்கு எண்ணத் தெரிந்தால் இதுவே ஒரு கணக்குப் பாடம்.

அதே தரையில் ஒரு துண்டை விரித்துவிட்டுக் காரை விட்டால் சட்டென்று நின்றுவிடும். கோரைப் பாயில் கொஞ்சம் கூடுதலாக ஓடும். உராய்வு என்ற சொல்லைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. துண்டு காரைப் பிடித்துக்கொள்கிறது என்று குழந்தையே சொல்லும்.

இன்னொரு விஷயம், பெரியவர்களே தடுமாறுவது. பாதையை மிகச் செங்குத்தாக நிறுத்தினால் கார் இன்னும் வேகமாக ஓடும் என்று குழந்தை எதிர்பார்க்கும். கார் கீழே வந்து, முகப்பு தரையில் முட்டி, குட்டிக்கரணம் போட்டு விழும். பாதையில் கோளாறு இல்லை. சரிவு தரையைச் சந்திக்கும் மூலைதான் பிரச்சினை. அந்த மூலையில் பாதையை மெதுவாக வளைத்துத் தரையோடு சேர்த்துவிட்டால் கார் வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு குழந்தைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகலாம். ஆகட்டும். நாம் போய்ச் சரிசெய்து கொடுத்தால் அந்த மாலைப்பொழுதை அதனிடமிருந்து பறித்தவர்களாவோம். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

சரிவு என்பது சாதாரணக் கருவி இல்லை. கலிலியோ பொருள்கள் விழுவதை ஆராய நினைத்தபோது, நேராக விழும் பொருள் அளக்க முடியாத வேகத்தில் விழுந்துவிடுகிறது என்பதால், ஒரு நீண்ட மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, அதைச் சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார். துல்லியமான கடிகாரம் அப்போது கிடையாது. ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகும் தண்ணீரைப் பிடித்து, எடை போட்டு, நேரத்தைக் கணித்தார். இந்தச் சோதனைகளை 1638-ல் வெளியான தன் நூலில் விவரித்தார். சமமான நேர இடைவெளிகளில் குண்டு கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் கூடிக்கொண்டே போகின்றன என்பது அதில் கிடைத்த விடை. கட்டிலில் சாய்த்து வைத்த ஆரஞ்சு டிராக்கில் நடப்பதும் அதேதான்.

லூப் ஏன் ஏமாற்றுகிறது?

கார்ப் பாதையின் உச்சக்கட்டமே லூப்தான். கார் ஒரு வட்டத்தில் ஏறி, தலைகீழாக ஓடி, இறங்கி வர வேண்டும். பெரும்பாலும் முதல் தடவை வராது. பாதி ஏறிப் பின்னால் உருளும், அல்லது உச்சியை நெருங்கும்போது பாதையை விட்டுப் பிரிந்து விழும்.

காரணம் எளிமையானது. ஓடும் எந்தப் பொருளும் நேர்கோட்டில் போகத்தான் பார்க்கும். லூப் அதை விடாமல் உள்பக்கம் வளைத்துக்கொண்டே இருக்கிறது. உச்சியில் காருக்குப் போதிய வேகம் இருந்தால், அந்த நேரத்தில் கீழே இழுக்கும் புவியீர்ப்பு அதன் பாதையை வளைக்கவே செலவாகிவிடும். கார் பாதையோடு ஒட்டியபடி போகும். வேகம் குறைந்தால் புவியீர்ப்பின் இழுப்பு, வட்டம் கேட்கும் வளைவை விட அதிகமாகிவிடும். கார் பிரிந்து விழும்.

உச்சியின் உயரமும் தொடக்க உயரமும் சமமாக இருந்தால் போதும் என்று குழந்தை நினைக்கும், பெரியவர்களும் நினைப்பார்கள். போதாது. உராய்வு இல்லாத நிலையிலேயே, தொடக்க உயரம் லூப்பின் விட்டத்தைப் போல ஒன்றேகால் மடங்கு இருக்க வேண்டும். 20 செ.மீ. லூப்புக்கு 25 செ.மீ. நிஜப் பாதையில் உராய்வும் துண்டுகளின் இணைப்புகளும் வேகத்தைத் தின்பதால் அதற்கும் மேலே இன்னும் கணிசமாக ஏற்ற வேண்டும்.

இந்த எண்களைக் குழந்தையிடம் சொல்லாதீர்கள். ஒரு புத்தகம், இரண்டு புத்தகம் என்று அடுக்கிக்கொண்டே போகட்டும். நான்கு புத்தகத்தில் விழுந்த கார் ஐந்தாவதில் சுற்றி வந்துவிடும். சில விஷயங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதில்லை, ஒரு எல்லைக்கு இந்தப் பக்கம் 'முடியாது', அந்தப் பக்கம் 'முடியும்' என்று இருக்கும் என்பதை வேறெந்தப் பொம்மையும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை. தட்டையான வளைவிலும் இதே கதைதான், வேகம் எல்லை மீறினால் கார் வெளியே தெறிக்கும். பனங்காயில் நுங்கு வண்டி செய்து ஓட்டியவர்களுக்குத் திருப்பத்தில் மெதுவாகப் போக வேண்டும் என்பது யாரும் சொல்லாமலேயே தெரிந்திருக்கும்.

எது ஜெயிக்கும்: கனமான காரா, லேசான காரா?

ஐந்து, ஆறு வயதில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கனமானதுதான் என்று குழந்தை அடித்துச் சொல்லும். உராய்வும் காற்றும் இல்லையென்றால் எடைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒன்றாகவே வரும். ஆனால் வீட்டுப் பாதையில் காற்றின் எதிர்ப்பு இருக்கிறது, சக்கரங்களைச் சுழற்றவும் கொஞ்சம் ஆற்றல் போகிறது. கனமான காருக்கு இந்த இழப்புகள் பெரிதாகத் தெரியாது. ஆகவே அது ஒரு நூலளவு முந்துவதும் உண்டு. அமெரிக்கச் சாரணர் சிறுவர்கள் 1953 முதல் நடத்திவரும் பைன்வுட் டெர்பி என்ற மரக்கார்ப் பந்தயத்தில், காரின் எடைக்கு 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தொடும்வரை எல்லோரும் காரில் ஈயத்தையும் இரும்பையும் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பாதையின் முடிவில் ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து வையுங்கள். லேசான கார் அதைக் கொஞ்சம் தள்ளும். களிமண் ஒட்டிக் கனமாக்கிய அதே கார் இன்னும் தூரம் தள்ளும். வேகமாக வருவதும் பலமாக மோதுவதும் ஒன்றல்ல என்று குழந்தை இங்கே பிரித்துப் பார்க்கத் தொடங்கும்.

ஆனால் இந்த வயதில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தை ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். சிவப்புக் காரை உயரமான பாதையில் விட்டு, நீலக் காரைத் தாழ்வான பாதையில் துண்டின் மேல் விட்டு, 'சிவப்புதான் வேகம்' என்று முடிவுகட்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தானாக வருவதில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிளாரும் ஜெ செனும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழு முதல் பத்து வயதுக் குழந்தைகளிடம் இதையே பார்த்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று சரிவுப் பாதை: சாய்வு, மேற்பரப்பு, ஓடும் நீளம், பந்தின் வகை என்று நான்கையும் மாற்றலாம். கேள்வி மட்டும் கேட்டுவிட்டு விட்டால் குழந்தைகள் பெரிதாக முன்னேறவில்லை. 'இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் எதனால் ஜெயித்தது என்று எப்படிச் சொல்வாய்?' என்ற காரணத்தை விளக்கிச் சொல்லி, கேள்வியும் கேட்டபோது நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே 'குழந்தையைத் தொந்தரவு செய்யாதே' என்ற அறிவுரை எல்லா வயதுக்கும் பொருந்தாது. நாலு வயதுக் குழந்தையின் பாதையில் கைவைக்க வேண்டாம். ஏழு வயதுக் குழந்தையிடம் மேலே சொன்ன ஒரு கேள்வியைக் கேட்டு, காரணத்தையும் சொல்லுங்கள். பதிலை அப்புறம் அதுவே தேடிக்கொள்ளும்.

வாயில் வர வேண்டிய சொற்கள்

பாதை போடும்போது நாம் பெரும்பாலும் 'அதை எடு', 'இங்கே வை', 'அப்படி இல்லை, இப்படி' என்றே பேசுகிறோம். அதற்குப் பதில், 'சரிவோட நுனியைக் கட்டில் ஓரத்துல வை', 'வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு வைக்கலாமா', 'குகைக்கு அடியில போகுதா, மேல போகுதா' என்று பேசிப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 மாதம் முதல் 46 மாதம் வரை குழந்தைகளின் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரின் பேச்சைப் பதிவுசெய்து, 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வடிவம், அளவு போன்ற இடம் சார்ந்த சொற்களை அதிகம் பேசிய வீடுகளில் குழந்தைகளும் அவற்றை அதிகம் பேசினார்கள். அப்படிப் பேசிய குழந்தைகள் நாலரை வயதில் வடிவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள்.

கார் பையனுக்கு, சமையல் செட்டு பெண்ணுக்கு என்று பிரித்து வாங்கும் பழக்கத்தை இந்த இடத்தில்தான் கடுமையாக எதிர்க்கத் தோன்றுகிறது. மேலே சொன்ன ஒவ்வொன்றும் பெண் குழந்தைக்கும் அப்படியே வேண்டும். பிறந்தநாள் பரிசைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் ஒரு வாசலை மூடிவிடுகிறோம்.

வாங்கும்போதும் செய்யும்போதும்

பெட்டியில் போட்ட படத்தின்படி ஒரே ஒரு விதமாக மட்டும் பொருந்தும் பெரிய செட்டை விட, நேர்த் துண்டுகளும் இணைப்புகளும் நிறைய உள்ள சிறிய செட்டு நல்லது. வாங்காமலும் சமாளிக்கலாம். பழைய அட்டைப் பெட்டியை நீளமாக வெட்டி, இரு ஓரங்களையும் மடித்து, செலோடேப் போட்டால் காருக்குப் பாதை ரெடி. எலக்ட்ரிக்கல் கடையில் வயர் மறைக்க வாங்கும் கேசிங் பட்டையின் மூடியைக் கழற்றினால் கோலிக்குண்டுக்கு அருமையான பாதை. முனைகளை மட்டும் தேய்த்து மழுங்கவிடுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கோலிக்குண்டு வேண்டவே வேண்டாம். கழன்று வரும் சக்கரமும் தொண்டையில் சிக்கும். பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆபத்து. இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள். விளக்கு எரியும், ஒலி எழுப்பும் கார் என்றால் உள்ளே பட்டன் பேட்டரி இருக்கலாம். அதன் மூடி திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கிவிட்டால், அல்லது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு கம்பெனியின் பாதைத் துண்டு இன்னொன்றோடு பொருந்தாமல் போவது சகஜம். அதற்காக எதையும் தூக்கிப் போட வேண்டாம். அடியில் டேப் ஒட்டிச் சேர்த்துவிடலாம். சேர்ந்த இடத்தில் கார் இடறுகிறதா என்று பார்க்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்.